ஒரு தரம் மட்டும் கேட்டவர்

ஒருவருடைய சொல்லை அப்படியே நம்பிவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதையா, அல்லது அவருடைய சுமையை அவரிடமே விட்டுவிட்டு நகர்ந்துகொள்ளும் ஒரு வழியா? எங்கள் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் நடுக்களத்தில் ஆடிய நிலானி, தலையில் அடிபட்டு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாதவளாகத் தன் வீட்டின் கீழ்த்தளத்து அறையில் படுத்திருந்த இலையுதிர் காலத்தில் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. அதற்கு முன் இப்படியொரு கேள்வி இருக்கக்கூடும் என்று நான் எண்ணியதில்லை. எங்கள் பயிற்சியாளரை அறிந்த எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள். தன் அணியில் ஆடும் பெண்களை நம்புவதுதான் அவருடைய குணத்தின் மையம். மற்ற எல்லாமே அதைச் சுற்றித்தான் இருந்தன.

அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மன்னார்க் கரையில் பந்தோடு வளர்ந்தவர். குட்டையான, கழுத்துத் தடித்த மனிதர். இடது முழங்கால் சரியாக மடங்காது. குளிர் தொடங்கிவிட்டால் பேசும்போதெல்லாம் அதைத் தேய்த்துக்கொண்டே நிற்பார். கழுத்தில் ஒரு சிறு சிலுவையும் ஒரு விசிலும் ஒரே சங்கிலியில் தொங்கும். விசிலை அவர் ஊதி நான் கேட்டதே குறைவு. கைதட்டித்தான் எங்களைக் கூப்பிடுவார். கல்லூரி கொடுத்த சிறு ஊதியம் அவருக்குப் போதாது. பகலில் கனடாவின் ஸ்காபரோ நகர்ப்பகுதியில் கார் ஓட்டப் பழக்கினார். மாலையில் எங்களிடம் வந்தார்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன், நாங்கள் உடைமாற்றும் அறையின் வாங்குகளில் அமர்ந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து, வலிக்கும் முழங்காலை ஒரு கையால் பிடித்தபடி குந்துவார். கண்ணைப் பார்ப்பார்.

"ஏலுமோ?"

அவ்வளவுதான். இன்றைக்கு விளையாட உன்னால் முடியுமா என்பதை அந்த ஒரே சொல்லில் கேட்பார். எங்கள் அணியில் தமிழ்ப் பெண்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் ஜமேக்கா, பிலிப்பைன்ஸ், கானா, ஆப்கானிஸ்தான் என்று பல நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களிடமும் அவர் அதையேதான் கேட்டார். அவர்களும் அந்தச் சொல்லை எங்களைவிட அழகாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஏலும் என்றால் தோளைத் தட்டுவார். ஏலாது என்றால் அதே அளவு மென்மையாகத் தோளைத் தட்டிவிட்டு வேறொருவரைக் களத்துக்கு அனுப்புவார். காரணம் கேட்கமாட்டார். நான் சேர்ந்த முதற்பருவத்தில் ஏலாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

பிறகு ஒரு நாள் எங்கள் கோல்காப்பாளர் ஷெல்லி, விளையாட்டாக, கூரை அதிரும்படி "ஏலும்!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தோம். அடுத்த ஆட்டத்தில் எல்லோருமே கத்தினோம். அடுத்த பருவத்தில் அது எங்கள் குளிர்ச்சட்டைகளின் முதுகில் ஆங்கில எழுத்துகளில் ஏறியது. பார்வையாளர் வரிசையிலிருந்து பெற்றோரும் கத்தினார்கள். அவருக்கு அதில் பெருமை இருந்தது. தான் கொண்டுவந்த ஒரு சொல் இத்தனை பிள்ளைகளின் வாயில் வாழ்வதைப் பார்த்து மகிழ்ந்தார். அதன்பின் எவரும் அவரிடம் ஏலாது என்று சொல்லி நான் கேட்கவில்லை. அவர் கேட்டதை நாங்கள் முழக்கமாக்கியிருந்தோம். முழக்கத்துக்கு மாற்றுப் பதில் கிடையாது என்பதை அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் இட்ட முதற் கட்டளை அவரை எப்படி அழைப்பது என்பது பற்றியது.

"என்னை அங்கிள் எண்டு கூப்பிடாதை, பிள்ளை," என்றார் நிலானியிடம், அவள் வந்த முதல் வாரத்தில்.

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது, அங்கிள்?"

"கோச்."

"ஏன், அங்கிள்?"

"அங்கிள்மாருக்கு நீங்கள் எல்லாரும் பொய்தானே சொல்லுறனீங்கள். லைப்ரரியில நிக்கிறன், அங்கிள். சாப்பிட்டிட்டன், அங்கிள். அந்தப் பெடியனைத் தெரியவே தெரியாது, அங்கிள். கோச்சுக்கு அது சரிவராது."

அவரும் எங்களிடம் பொய் சொன்னதில்லை. என்னைத் தேர்ந்தெடுத்த அன்று தனியே அழைத்துச் சொன்னார்: "நீ விளையாட்டில கெட்டிக்காரி இல்லை, பிள்ளை. பந்து உன்னட்டை வந்தாப் பயப்பிடுறாய். ஆனா ஓடுவாய். ஆரும் பார்க்காத நேரத்திலயும் ஓடுவாய். அதுக்காகத்தான் எடுக்கிறன்." கழிவறைக்குள் போய் அழுதேன். ஆனால் பட்டம் முடியும்வரை அந்த அணியைவிட்டு நான் விலகவில்லை. என்னைப் பற்றி எனக்குக் கேட்க விருப்பமில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு, அதையும் சேர்த்தே என்னை ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் அவர்.

ஒரு மழை நாளில் வெளியூரில் ஆடினோம். வென்றால்தான் அடுத்த சுற்று. கடைசி நிமிடங்களில் நிலானி கோல் அடித்தாள், நடுவரும் கொடுத்துவிட்டார். நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருக்க, அவர் எல்லைக் கோட்டருகே நின்று கைதட்டி அவளைக் கூப்பிட்டார்.

"கை பட்டதோ?"

நிலானியின் நெற்றியில் நீர் வழிந்துகொண்டிருந்தது. "லைட்டாத்தான், கோச்."

"லைட்டாப் பட்டாலும் கைதான்."

நேரே நடுவரிடம் நடந்து போனார். கோல் நீக்கப்பட்டது. தோற்றோம். திரும்பி வரும் வான் வண்டியில் பின்னிருக்கையில் ஒருத்தி விம்மினாள். இன்னொருத்தி கெட்ட சொல்லொன்றை முணுமுணுத்தாள். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, எல்லோருக்கும் விளங்கும்படி ஆங்கிலத்தில், "இன்றைக்கு ஒரு பிள்ளை என்னிடம் உண்மை சொன்னாள். நான் தோற்கவில்லை" என்றார். நிலானி யன்னலோரம் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய காதுகள் சிவந்திருந்தன. அன்றிலிருந்து அவள் அவருடைய ஆளானாள். அவர் மழையில் நில் என்றால் நிற்பாள்.

நான் அவரிடம்தான் கார் ஓட்டவும் பழகினேன். அங்கே அவர் வேறு மனிதர்.

"கண்ணாடி பார்த்தனியோ?"

"பார்த்தனான், கோச்."

"பார்க்கேல்லை. நான் உன்ர கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தனான்."

பழக்குபவரின் பக்கத்திலும் ஒரு பிரேக் உள்ள கார் அது. அவருடைய வலது கால் அதன் மேல் மிதந்துகொண்டே இருக்கும். சிவப்பு விளக்கொன்றில் நின்றபோது கேட்டேன்: "மைதானத்தில எங்களை அப்பிடி நம்புறியள். இஞ்ச ஏன் ஒண்டையும் நம்பேல்லை?"

அவர் சிரித்தார். "இஞ்ச என்ர காலுக்குக் கீழ பிரேக் இருக்கு. அங்க இல்லை. பிரேக் இல்லாத இடத்தில மனிசரை நம்பத்தான் வேணும். வேற என்ன செய்யிறது? பச்சை விழுந்திட்டுது, எடு."

அன்று அதை ஞானம் என்று எண்ணி நண்பர்களிடமெல்லாம் சொன்னேன். தடுக்க வழியில்லாத இடத்தில்தான் அதிகம் பார்க்கவேண்டும் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

நிலானியின் பெற்றோர் ஸ்காபரோவின் ஓரத்தில், ரூஜ் பகுதியில் இருந்தார்கள். தகப்பனுக்கு விமான நிலையத்தில் வேலை. தாய்க்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மகள் தாதியர் படிப்பில் சேர்ந்திருந்தாள். அந்தக் குடும்பம் இந்த நாட்டுக்கு வந்ததன் பொருளே அந்தப் படிப்பில்தான் இருந்தது. வெளியூர் ஆட்டங்களுக்கு அனுப்பத் தாய் மறுத்தபோது, பயிற்சியாளர் நேரில் பேசப் போனார். கூட ஒரு பெண் வரவேண்டும் என்று என்னையும் அழைத்துச் சென்றார். ரோல்ஸும் தேநீரும் வந்தன. தாய் இருக்காமல் நின்றபடியே பேசினார்.

"அண்ணை, நேர்சிங் படிக்கிற பிள்ளை. கால் கை முறிஞ்சா ஆர் பார்க்கிறது?"

"முழுசாக் கூட்டிக்கொண்டு போறன், தங்கச்சி. முழுசாக் கொண்டுவந்து விடுவன்."

"சத்தியமா?"

"நான் சத்தியம் பண்ணுறேல்லை. சொன்னாச் சொன்னதுதான்."

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நிலானி, "அம்மா, கோச் பொய்யே சொல்லமாட்டார், ப்ளீஸ்!" என்றாள்.

"அவர் சொல்லமாட்டார், சரி. நீ சொல்லுவாயே!" என்றார் தாய். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்: "உவளுக்கு உடம்பு நெருப்பாக் கொதிச்சாலும் ஒண்டுமில்லை அம்மா எண்டுதான் சொல்லுவாள். சின்னனில பள்ளிக்கூட ட்ரிப் ஒண்டுக்குக் காய்ச்சலோட போய், பஸ்ஸுக்குள்ள மயங்கி விழுந்தவள். கவனம், அண்ணை. வாயால சொல்லமாட்டாள்."

எல்லோரும் சிரித்தோம். தன் பிள்ளையின் பிடிவாதத்தைப் பற்றி ஒரு தாய் பெருமையாகக் குறைசொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டோம். பயிற்சியாளரும் சிரித்தபடி இரண்டாவது ரோல்ஸை எடுத்தார்.

ஏன் அவர் எதையும் ஒரு தரத்துக்கு மேல் கேட்பதில்லை என்பதை ஒரு மாலையில் சொன்னார். அஜக்ஸ் நகரில் ஆடிவிட்டு நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தோம். பின்னால் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். முன்னிருக்கையில் இருந்த நான், கல்லூரியின் உடற்சிகிச்சையாளர் ஒவ்வொரு காயத்துக்கும் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்பதைப் பற்றி ஏதோ பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் இளந்தாரியா இருக்கேக்க ஆமிக்காரன் மறிச்சுக் கேப்பான், பேர் என்ன, எங்க போறாய். சொல்லுவன். திரும்பவும் கேப்பான், பேர் என்ன. மாறிச் சொல்லுறனோ எண்டு பார்ப்பான். இஞ்ச வந்து அகதிக் கேஸ் விசாரிக்கேக்கயும் அப்பிடித்தான். விசாரிச்ச மனிசி நல்ல மனிசி. சிரிச்சுச் சிரிச்சுத்தான் கேட்டவ. என்ர தம்பி எப்ப செத்தவன் எண்டு எத்தினை தரம் கேட்டவ தெரியுமோ? கடைசியில எனக்கே சந்தேகம் வந்திட்டுது, அவன் செத்தவன்தானோ எண்டு."

லொறியொன்று எங்களை முந்திப் போனது.

"அண்டைக்கு முடிவெடுத்தனான். ஒரு மனிசனை ஒருக்கால் கேக்கலாம். ரெண்டாந்தரம் கேட்டா நீ அவனைக் கள்ளன் எண்டுறாய்."

எங்களை அவர் நம்பியது வெகுளித்தனத்தால் அல்ல என்பது அன்று எனக்கு விளங்கியது. தனக்கு மறுக்கப்பட்ட ஒன்றை அவர் எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட கொடையைக் குறைசொல்ல எவருக்குத் துணிவு வரும்?

நிலானிக்கு முதல் அடி பட்டது ஒரு பயிற்சியின்போது. உயரே வந்த பந்துக்குப் பாய்ந்தபோது அவளும் ஷெல்லியும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். சற்று நேரம் புல்லில் இருந்தாள். பிறகு எழுந்து சிரித்தாள். சிகிச்சையாளர், எங்களைவிடச் சில வயதே மூத்த பெண், முறைப்படி எல்லாம் கேட்டார். தலைவலி உண்டா, குமட்டல் உண்டா, வெளிச்சம் கூசுகிறதா. எதற்கும் இல்லை என்றாள் நிலானி. தாதியர் மாணவியான அவளுக்கு எந்தப் பதில் எந்த முடிவுக்குக் கொண்டுபோகும் என்பது தெரியும். அந்த வாரக் கடைசியில் பருவத்தின் மிக முக்கியமான ஆட்டம் இருந்தது.

அன்று வெயில் தாழ்வாக, கண்ணுக்கு நேரே அடித்தது. உடைமாற்றும் அறையில் அவர் நிலானியின் முன்னால் குந்தினார்.

"ஏலுமோ?"

"ஏலும், கோச்."

அறை முழுவதும் அதை வாங்கிக் கத்தியது.

பிறகு கதவுக்கு வெளியே நடந்ததை நாங்கள் அன்று அறியவில்லை. சிகிச்சையாளர் அவரைத் தனியே அழைத்து, நிலானி யன்னல் பக்கம் திரும்பாமல் இருப்பதைத் தான் கவனித்ததாகவும், தடுப்பதற்குத் தன்னிடம் போதிய ஆதாரம் இல்லை என்றும், மற்றவர்கள் இல்லாத இடத்தில் இன்னொரு தரம் அவளைக் கேட்கும்படியும் சொல்லியிருக்கிறார். உங்களிடம் அவள் மறைக்கமாட்டாள் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கு இவர், "நான் கேட்டுவிட்டேன். அவள் சொல்லிவிட்டாள்" என்று பதில் சொல்லிவிட்டுக் களத்துக்கு வந்திருக்கிறார்.

இரண்டாம் பாதியில் பந்தொன்று வந்து அவளுடைய தலையின் பக்கத்தில் பட்டது. அது வேகமாகக்கூட வரவில்லை. அவள் விழவில்லை. சில அடிகள் நடந்தாள், எங்கள் கோலை நோக்கி, தவறான திசையில். பிறகு மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். நான் ஓடிப்போனபோது அவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். அந்த முழங்காலோடு எப்படி அவ்வளவு விரைவாக ஓடினார் என்று தெரியவில்லை.

"லைட்டை ஓஃப் பண்ணுங்கோ, கோச்," என்றாள் நிலானி.

திறந்த மைதானம். மேலே வெயில். அவர் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவளுடைய முகத்துக்கு மேல் இரு கைகளாலும் விரித்துப் பிடித்தார். அம்புலன்ஸ் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். எவரையும் மாற்றிப் பிடிக்க விடவில்லை.

மருத்துவமனைக்குத் தாய் வேலையிலிருந்து நேரே வந்தார். தலையில் சமையலறை வலைத்தொப்பி அப்படியே இருந்தது. பயிற்சியாளர் எழுந்து நின்றார்.

"தங்கச்சி, முழுசாக் கொண்டுவந்து விடுறன் எண்டு சொன்னனான்…"

"ஆரிட்டைக் கேட்டனீங்கள், அண்ணை?"

"அவளிட்டை."

"வாயால சொல்லமாட்டாள் எண்டு நான் உங்களுக்குச் சொன்னனானே." தாய் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். "என்ர வீட்டில வைச்சு, என்ர வாயால சொன்னனானே. நீங்கள் சிரிச்சனீங்கள்."

பயிற்சியாளர் கையிலிருந்த குளிர்ச்சட்டையை மெல்ல மடித்தார்.

நிலானி சில வாரங்களில் எழுந்துவிடுவாள் என்றார்கள். வாரங்கள் மாதங்களாயின. ஒரு பந்தி வாசித்தால் தலை சுழன்றது. திரையைப் பார்க்க முடியவில்லை. வகுப்பறையின் குழல்விளக்கின் கீழ் இருக்க முடியவில்லை. கல்லூரி விசாரணை ஒன்றை அமைத்தது. சிகிச்சையாளர் நடந்ததைச் சொன்னார். வெளியே நின்று பேசிய இருவரைத் தவிர அதை எவரும் கேட்டிருக்கவில்லை. பயிற்சியாளர் மறுத்தால், ஒருவரின் சொல்லுக்கு எதிராக மற்றவரின் சொல் என்றுதான் ஆகும்.

அணி கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் கூடியது. ஷெல்லிதான் பேசினாள். நாங்கள் எல்லோரும் கதவருகே நின்றோம், சிகிச்சையாளர் கோச்சிடம் எதுவும் சொல்லவில்லை, அப்படியே சொல்வோம் என்றாள். சிகிச்சையாளரின் வேலை போய்விடும், இனி எங்குமே அவரை வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்றேன். "அப்போது கோச் போனால் உனக்குப் பரவாயில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர் அவர்களை நம்பியிருந்தார்; அந்தக் கடனை அவர்கள் தீர்க்க விரும்பினார்கள். அதற்கு அவர்கள் கையில் இருந்தது பொய் மட்டும்தான்.

வாகனத் தரிப்பிடத்தில் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னோம். ஷெல்லி ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், அவர் தமிழ்ப் பிள்ளைகள் நின்ற பக்கம் திரும்பினார்.

"நான் உங்களுக்கு அங்கிளோ?"

எவரும் சிரிக்கவில்லை.

விசாரணையில் அவர் எதையும் மறைக்கவில்லை. "சிகிச்சையாளர் என்னிடம் சொன்னார், இன்னொரு தரம் கேட்கச் சொன்னார், நான் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டார். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று அதற்குள் நடந்திருந்தது. நிலானி தன் படுக்கையிலிருந்து, தாயின் தொலைபேசியில், தன் வாக்குமூலத்தைக் கொடுத்திருந்தாள். ஆட்டத்துக்கு முன் தனக்கு எந்த வலியும் இருக்கவில்லை என்றும், சிகிச்சையாளர் கோச்சிடம் எதுவும் சொல்லாமல் கடந்து போனதைத் தான் கண்டதாகவும் சொல்லியிருந்தாள். அதை அவர் முன் வாசித்துக் காட்டி, இது உண்மையா என்று கேட்டார்கள். உண்மையில்லை என்றார். அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்றார். மழை நாளில் நடுவரிடம் நடந்து போனவர் வேறெதைச் சொல்லியிருக்க முடியும்?

அவரை நீக்கினார்கள். வீராங்கனை தன் அறிகுறிகளை மறைத்தார், உண்மைக்கு மாறாக வாக்குமூலம் கொடுத்தார் என்றும் முடிவில் எழுதினார்கள்.

நான் நிலானியைப் பார்க்கப் போனேன். கீழ்த்தளத்து யன்னலில் தடித்த கம்பளியொன்று தொங்கியது. அவள் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுச் சுவரோரம் படுத்திருந்தாள்.

"அவருக்காகத்தானே அக்கா சொன்னனான். என்னைப் பொய்க்காரி எண்டு சொல்லிப்போட்டார், ஒஃபிஷியலா."

"அவர் நடந்ததைத்தான் சொன்னவர்."

"தெரியும்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று எண்ணி எழுந்தேன்.

"அண்டைக்குக் காலமையே தலை வெடிச்சது, அக்கா. அவர் வந்து குந்தினவுடனே எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கினம். ஏலாது எண்டு சொல்ல வாய் வரேல்லை. ஏலும் எண்டு சொல்லிப்போட்டு, இன்னொருக்கால் கேப்பாரோ எண்டு அவரையே பார்த்துக்கொண்டு இருந்தனான். அவர் எழும்பி அடுத்த ஆளிட்டைப் போட்டார். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். மனசுக்குள்ள சொல்லுகூட ரெடியா இருந்தது."

வசந்தத்தில், கார் ஓட்டும் உரிமத்துக்கான என் கடைசி வீதிப் பரீட்சைக்காகப் போன இடத்தில், அவரைக் கண்டேன். யாரோ ஒரு மாணவன் பரீட்சை முடித்து வரும்வரை தரிப்பிடத்தில் காத்து நின்றார். மெலிந்திருந்தார். கழுத்தில் சிலுவை இருந்தது, விசில் இல்லை.

"அவளைப் பார்த்தனியோ, பிள்ளை?"

"பார்த்தனான், கோச்."

"என்ன சொன்னவள்?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னால் எவருக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது, அவர் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவரிடம் மறைத்துப் பேசும் பழக்கம் எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. நிலானிகூட அந்த ஒரு சொல்லில்தான் தவறினாள். நான் சொல்லிவிட்டேன். அவள் சொன்ன அதே சொற்களில்.

அவர் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன் எண்டோ சொன்னவள்?"

"ஓம், கோச்."

பரீட்சை முடித்த மாணவன் தூரத்தில் சிரித்துக்கொண்டே வந்தான். அவனுக்கு இவர் கையை உயர்த்திக் காட்டினார். பிறகு என்னிடம், "நேரே சொன்னதுக்கு நன்றி, பிள்ளை" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

அன்று நான் சொன்னதால் எவருக்கு என்ன நன்மை விளைந்தது என்று பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நிலானியின் தலைவலியில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. அவளுடைய தாயின் சொல் திரும்பப் பெறப்படவில்லை. நான் சொல்லாதிருந்தால், இன்னொரு தரம் கேட்டிருந்தாலும் அவள் பொய்தான் சொல்லியிருப்பாள் என்ற எண்ணமாவது அவருக்கு மிஞ்சியிருக்கும். அதையும் நான் எடுத்துவிட்டேன். உண்மை எவரையாவது விடுவிக்கும் என்று நான் கற்ற எல்லாப் பாடங்களிலும் இருந்தது. இந்த விடயத்தில் உண்மை பேசிய ஒவ்வொருவரும், அவரும் சிகிச்சையாளரும் நானும், இன்னொருவரைக் கைவிடுவதற்கே அதைப் பயன்படுத்தியது போல ஆகிவிட்டது. பொய் சொன்னவள் மட்டுமே அன்பினால் அதைச் செய்தாள். அவளே எல்லோரையும்விட அதிகம் இழந்தாள்.

அதன்பின் கல்லூரி விதியை மாற்றியது. யார் ஆடலாம் என்பதைச் சிகிச்சையாளரே முடிவு செய்கிறார். பயிற்சியாளர் வீராங்கனைகளிடம் அதைப் பற்றிக் கேட்கக்கூடாது. இப்போது ஆடும் பெண்கள் வலியைச் சிகிச்சையாளரிடம் மறைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எங்கள் கோச் வேறெந்த அணிக்கும் போகவில்லை. நிலானியும் அவரும் அதன்பின் ஒரு தடவையும் பேசிக்கொள்ளவில்லை. நிலானி படிப்புக்குத் திரும்பவில்லை. அந்த வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை இப்போது தாய்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்; நிலானி கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, அவருக்குப் பொருள் சொல்கிறாள்.